இடது இமையில் ஒரு கோன்

சூளையின் வயிற்றில் ஒரு ஓட்டை உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதை அடைத்திருக்கும் செங்கல் துண்டை இடுக்கியால் இழுத்துவிட்டு, நீலக் கண்ணாடிச் சில்லைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நான் உள்ளே பார்க்கிறேன். முகத்தில் அனல் அறைகிறது. புருவமயிர் கருகும் வாசனை வருகிறது. என் புருவம்தான். அன்றைக்கு அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

"யோவ் லிங்கம், தெரியுதா?" என்று என் முதுகுக்குப் பின்னால் காதர் பாய் கத்துகிறார்.

"தெரியுது பாய்! தெரியுது!"

தெரியவில்லை. ஆனாலும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஏழு மாதம் கழித்து அந்த ஓட்டைக்கு முன்னால் நிற்கிறேன். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட என் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை. (இதை என் மனைவி கஸ்தூரி படிப்பாள் என்பதால் அடித்துக்கொண்டது என்று திருத்தி வாசிக்கவும்.)

எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம். மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடிய வருஷம் என்று மட்டும் நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட வருஷங்கள் அதிகமில்லை. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

என் ஜோக்குக்கு நானே விழுந்தது

போன வாரத் தொடரில் நான் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மயங்கி விழுந்ததோடு நிறுத்தியிருந்தேன். "செத்துவிட்டீர்களா, இல்லையா?" என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். ஐயா, விசாரித்துச் சொல்கிறேன்.

விழுந்தது இப்படி. பீங்கான் தொழிற்சாலையில் எனக்குச் சூளை பார்க்கும் வேலை. முதல் ஷிப்டு முடிந்து நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குறை தெரியக்கூடாதென்று நானே பெரிதாகச் சிரித்தேன். பிடரியில் யாரோ கடப்பாரையால் அடித்ததுபோல ஒரு வலி. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அவ்வளவுதான் தெரியும்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தெளிந்து வரவேண்டிய நீர் சிவப்பாக வந்ததாம். மூளையில் ரத்தக்கசிவு. ஆறு வாரம் ஆடாமல் அசையாமல் படுக்கவேண்டும் என்றார்கள். தும்மக்கூடாது, முக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. "சிரிச்சதாலயா டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டேன். "இல்லப்பா, உள்ள ரத்தக்குழா வீங்கி இருந்திருக்கு. என்னிக்கு இருந்தாலும் வெடிச்சிருக்கும்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சொந்த ஜோக்குக்குச் சிரித்து மண்டை வெடித்த முதல் ஆள் என்ற பெருமை போயிற்று.

நல்லவேளை, கை இழுக்கவில்லை, கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. வாய் முன்பே கொஞ்சம் கோணல் என்பது கஸ்தூரியின் கட்சி.

ரசத்தில் முகம்

உண்மையான கூத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

பார்க்க ஆள் ஜம்மென்று இருக்கிறேன். ஆனால் பல் தேய்த்துவிட்டு வந்தால் பத்து மூட்டை நெல் இறக்கியவன் மாதிரி அசதி. அசதி என்ற சொல்லே போதாது. அசதி என்றால் தூங்கி எழுந்தால் போய்விட வேண்டும். இது தூங்கி எழுந்தாலும் பாயிலேயே பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெண்ணாடத்தில் என் மச்சினிக்குக் கல்யாணம். ஜனக்கூட்டம், மேளம், லவுட் ஸ்பீக்கர். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தேன். பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் தாண்டியது, ரசம் வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, என் மூக்கில் மிளகு. இலையில் தலையை வைத்துத் தூங்கிப்போயிருக்கிறேன். ரசம் காது வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"மாப்ள தண்ணி போட்டுட்டு வந்துருக்காரு" என்று ஒரு குரல்.

"காலையிலயேவா?" என்று பொறாமையோடு இன்னொரு குரல்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி. "கையும் காலும் நல்லாத்தான இருக்குது? படுத்தே கெடுறான்" என்றார்கள். மேனேஜரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். காதர் பாய் மட்டும் வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். சூளையில் கரி தள்ளுகிறவர் அவர். பதினொரு வருஷமாக என் ஜோடி. சூப்பில் பாதியை அவரே குடித்துவிட்டு, "நோயாளிக்கு இவ்ளோ ஆவாதுய்யா" என்பார்.

இதையெல்லாம்விட ஒன்று நடந்தது. ஒருநாள் கஸ்தூரி சட்டென்று அழுதாள். பதறிப்போய் என்னவென்று கேட்டேன்.

"ஒரு வாரமா நீங்க என்னய ஒரு கிண்டலும் பண்ணலங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஜோக்குக்கும் தெம்பு வேண்டும். அது தீர்ந்துபோயிருந்தது.

என் உடம்பு ஒரு ஊமை

பாண்டிச்சேரியில் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். சின்னப் பெண்தான். கை காலை ஆட்டச் சொல்வார் என்று போனேன். அவர் ஒரு நோட்டைக் கொடுத்து, மணிக்கு மணி என்ன செய்தேன், எவ்வளவு அசதி என்று எழுதி வரச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அதைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை என்ன பண்ணீங்க?"

"அன்னைக்குத் தெம்பா இருந்துச்சும்மா. பன்னெண்டு குடம் தண்ணி எடுத்தேன். கோழிக்கூட்டப் பிரிச்சுக் கட்டுனேன். சாயங்காலம் சைக்கிளத் தொடச்சேன்."

"செவ்வாய், புதன், வியாழன்?"

"படுத்திருந்தேன்."

"அசந்த பெறகு படுக்கறதுல பிரயோசனம் இல்லீங்க. அசர்றதுக்கு முன்னாடியே படுக்கணும். நல்ல நாள்லயும் அப்படித்தான். அப்பறம் வேலையக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்."

"அசரப்போறேன்னு எப்படிம்மா தெரியும்?"

"ஒடம்பே சொல்லும்."

என் உடம்பு ஒரு ஊமை. விழும்வரை ஒரு வார்த்தை சொல்லாது. இது தெரியாமல் அந்தம்மா நல்ல நம்பிக்கையோடு என்னை அனுப்பி வைத்தார்.

மூன்று கோன்கள்

இங்கே சூளை வேலையைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும்.

சூளைக்குள் எவ்வளவு சூடு என்று கையை விட்டா பார்க்க முடியும்? அதற்காக விரல் நீளத்தில் மூன்று களிமண் கூம்புகளை ஓட்டைக்கு நேராக உள்ளே நட்டு வைப்போம். கோன் என்போம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இளகிச் சாயும். முதல் கோன் சாய்ந்தால் எச்சரிக்கை. இரண்டாவது வளைந்து அதன் நுனி அடியைத் தொட்டால் சரக்கு வெந்துவிட்டது, நெருப்பை நிறுத்து. மூன்றாவது சாய்ந்தால் சரக்கு போச்சு, வீட்டுக்குப் போ. மூன்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் பிழைப்பு. உள்ளே மஞ்சளா வெள்ளையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். அதற்கு நடுவே கோன் தலை குனியும் அழகு! அந்த ஓட்டைதான் எனக்கு சினிமாக் கொட்டகை.

கஸ்தூரிக்கும் அங்கேதான் வேலை. வெந்து வந்த பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். ஒரு நாளைக்கு இருநூறு கண். ஒற்றை மயிர் பிரஷ்ஷால் இமையை ஒரு இழுப்பு. அரிசி அகலம் இறங்கினாலும் பொம்மை தூங்குமூஞ்சி ஆகிவிடும், ரிஜெக்ட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர் பாயிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தேன். கஸ்தூரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்னாங்க, பேச்ச நிறுத்துங்க."

"ஏன் புள்ள, சத்தமா இருக்குதா?"

"ஒங்க எடது இம எறங்குது."

"உன் கண்ணுக்கு எல்லாரும் பொம்மதான்."

"அரிசி அகலம் எறங்கியிருக்குது. வரைஞ்சு பாக்கறவளுக்குத் தெரியாதா?"

நான் சட்டை செய்யாமல் கதையைத் தொடர்ந்தேன். கால் மணி கழித்து பாயிடம் சொம்பைக் கேட்பதற்குப் பதிலாக, "அந்தக் குடைய எடுங்க" என்றேன். பாய் வானத்தைப் பார்த்தார். அதற்கடுத்த கால் மணியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் பக்கவாட்டில் கீரைமேல் சாய்ந்தேன்.

கஸ்தூரி விடவில்லை. நாலு நாள் கூடவே கவனித்தாள். நாலு நாளும் அதே வரிசை. முதலில் இமை, பிறகு வார்த்தை, பிறகு ஆள். இதை அவள் சொன்னதுதான் தாமதம், காதர் பாய் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து குதித்தார்.

"அடியேய் தங்கச்சி! இது கோனும்மா! மொதக் கோனு இம, ரெண்டாவது வாயி, மூணாவது ஆளே காலி! யோவ், ஒடம்பு பேசுதுய்யா! நீதான் பாக்கல!"

மூன்று பேரும் கூத்தாடினோம். டீக்கடையில் விழுந்த பிறகு முதல் தடவையாக நான் சிரித்தேன். தலை வெடிக்கவில்லை.

அன்றிலிருந்து சட்டம் போட்டாள். இமை சாயும்வரைகூடக் காத்திருக்கக்கூடாது. பத்து மணிக்கு இருபது நிமிஷம், பன்னிரண்டுக்கு இருபது, மூன்றுக்கு இருபது. கண்மேல் ஈரத்துண்டு போட்டுப் படுக்கவேண்டும். நடுவில் வேலை. முதல் வாரம் தெருமுனை வரை நடை. அப்புறம் கடைத்தெரு. அப்புறம் ஜங்ஷன் வரை போய், ரயிலைப் பார்த்து, திரும்பியும் வந்தேன். திரும்பி வந்ததுதான் முக்கியம். அன்று இரவுச் சாப்பாட்டில், "குழம்புல உப்பு எங்க, உங்கம்மா வூட்டுக்குப் போயிருக்குதா?" என்று கேட்டேன். கஸ்தூரி கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

கேட்டா, சூளையா?

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. முன்கோபி, கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பவர்.

"பொங்கலுக்குள்ள ஒரு சூளைய நீயே நின்னு முடிச்சுக் காட்டு, லிங்கம். காலை எட்டு மணியிலேர்ந்து மூடற வரைக்கும். முடியலன்னா கேட்டுக் காவலுக்குப் போயிடு. ஸ்டூல் போட்டுத் தர்றேன். லாரி வந்தா எழுந்து சல்யூட் அடி, போதும்."

கேட்டு வேலை கேவலம் இல்லை. ஆனால் நெருப்பைப் பார்த்த கண்ணால் லாரி நம்பரைப் பார்ப்பதா? அதைவிட, அந்தக் கேட்டுக்காரருக்குத் தந்திருந்த அரை டிராயர்! என் கால்களை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்தால் என் பக்கம் பேசுவீர்கள்.

நடுவில் படுத்துக்கொள்வதைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விடவில்லை. "படுக்கறதா இருந்தா வூட்லயே படு" என்பார் என்று பயம். கஸ்தூரியிடம், "மூணு தடவையும் படுத்துருவேன், சத்தியம்" என்றேன். மனசுக்குள் வேறு திட்டம். ஒரே ஒரு நாள் ஆம்பளையாக நின்று காட்டிவிட்டால் போதும். இமை இறங்கினால்? அதற்கும் வழி வைத்திருந்தேன். காதர் பாயின் மச்சான் துபாயிலிருந்து ஒரு கூலிங் கிளாஸ் கொண்டுவந்திருந்தார். கண்ணில் தூசி என்று அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு பெரிய மூளைக்காரனுக்கு மூளையில் கசியாமல் என்ன செய்யும்?

இரண்டு கண்ணாடி

ஆக, அந்த நாள். முந்தின நாள் காலையில் பற்றவைத்த சூளை நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. எட்டு மணிக்குக் கூலிங் கிளாஸோடு நுழைகிறேன். "என்னாய்யா, ஷூட்டிங்கா?" என்று நாலு பேர் கேட்டார்கள். பத்து மணிக்குப் படுக்கவில்லை. ஜிவ்வென்று இருந்தது. பன்னிரண்டுக்கும் படுக்கவில்லை. பாய் ரெண்டு தடவை பலகையைக் காட்டினார். கரிக் குவியலுக்குப் பின்னால் ஒரு பழைய பலகை எனக்காகவே போட்டு வைத்திருந்தார். "அப்பறம், அப்பறம்" என்றேன்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். ஓட்டை, நீலச் சில்லு, கருகும் புருவம். உள்ளே கோன் இரண்டுதான் தெரிந்தது. முதல் கோனைக் காணோம்! அதுபாட்டுக்குச் சாய்ந்துவிட்டதா? அப்படியானால் இரண்டாவது?

"தெரியுது பாய்! மொதக் கோனு போயிடுச்சு!"

"அதுக்குள்ளயா? தள்ளுய்யா." பாய் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தார். "மூணும் கொம்பு மாதிரி நிக்குது. உனக்கு எந்தக் கோனு போச்சு?" என்றவர், திரும்பி என் கூலிங் கிளாஸை வெடுக்கென்று பிடுங்கினார். கறுப்புக் கண்ணாடிக்கு மேல் நீலக் கண்ணாடி. அந்த லட்சணத்தில்தான் நான் சூளை பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்ததும் பாயின் குரல் இறங்கியது. "லிங்கம்... மொதக் கோனு சாஞ்சுதான் போச்சு. மூஞ்சில."

"அதெல்லாம் இல்ல. அந்தச் சில்லை... அந்தக் குடைய... குடையக் குடுங்க பாய்."

இரண்டாவது கோனும் சாய ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டு மணி அடித்தது. கஸ்தூரி தூக்குப்பாத்திரத்தோடு வந்தாள். என்னை ஒரு பார்வை, பாய் கையிலிருந்த கூலிங் கிளாஸை ஒரு பார்வை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"படுங்க."

"சார் வந்துருவாரு, கஸ்தூரி. பாத்தா கேட்டுதான்."

"கீழ வுழுந்து கெடந்தா மட்டும் சூளையக் குடுத்துருவாரா? படுங்கன்னா."

படுத்தேன். பலகையில் ஒரு ஆணி துருத்திக்கொண்டு முதுகில் குத்தியது. ஈரத்துண்டின் குளிர்ச்சி கண்ணில் பட்டதும் அதுவும் மறந்தது.

நான் இல்லாத காட்சி

அடுத்து நடந்தது பாய் சொல்லித் தெரிந்தது. பாய் சொல்வதில் கால்வாசியைத் தள்ளிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மேனேஜர் வந்தார். "எங்க அவன்?" பாய் கரித்தட்டை ஆராய்ந்தார். கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"படுத்திருக்காருங்க சார். இருவது நிமிசம். எழுந்துருவாரு."

"சூளையப் போட்டுட்டுத் தூங்கறானா? இதுக்குத்தான் சொன்னேன்!"

"சார், சூளையில கோனு சாஞ்சா நீங்க நெருப்பதான நிறுத்தச் சொல்றீங்க? சூளையத் திட்றதில்லயே? அவருக்கும் கோனு சாஞ்சுதுங்க, நிறுத்தியிருக்கோம். கண்ணு தெளிஞ்சு வந்து பாப்பாரு. அதுக்கப்பறம் நீங்க கேட்டுக்கு அனுப்புங்க, சூளைக்கு அனுப்புங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தாராம். பிறகு கவிழ்த்துப் போட்ட கரிக்கூடைமேல் வெள்ளைப் பேண்டோடு உட்கார்ந்துவிட்டாராம். வெள்ளைப் பேண்டை நான் தள்ளவில்லை. கறையை நானே பார்த்தேன்.

நுனி தொடும் நேரம்

கண் விழித்தபோது உலகம் கழுவி வைத்ததுபோல இருந்தது. மேனேஜரைப் பார்த்ததும் திரும்பப் படுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்து நேராக ஓட்டைக்குப் போனேன். ஒரே ஒரு கண்ணாடி, நீலச் சில்லு மட்டும். மூன்று கோனும் அரிச்சுவடி எழுத்து மாதிரித் தெரிந்தன. முதல் கோன் அப்போதுதான் தலை குனிந்துகொண்டிருந்தது.

"மொதக் கோனு, பாய்! கரியக் கொறச்சுப் போடு!"

மூன்று மணிக்கு மேனேஜர் முன்னாலேயே போய்ப் படுத்தேன். எழுந்தேன். நாலரைக்கு இரண்டாவது கோன் வளையத் தொடங்கியது. மேனேஜர் என்னைத் தள்ளிக்கொண்டு பார்த்தார். மத்தியானத்திலிருந்து ஆபீசுக்கும் சூளைக்கும் ஓடியவர், வேர்த்துக் கொட்டியது.

"சாஞ்சாச்சு! நிறுத்து!"

பாய் கரி அள்ளும் மண்வெட்டியைக் கீழே வைக்கப் போனார்.

"வைக்காத பாய்! இன்னும் இல்ல சார்."

"நான் பாத்தேன்யா, சாஞ்சிடுச்சு!"

"வளைஞ்சிருக்குது சார். நுனி தொடல. இப்ப நிறுத்துனா சரக்கு பச்சையா வரும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"கேட்டுல நிக்கிறேன் சார். அரை டிராயரோட."

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பெயிண்டு பிரிவுப் பெண்கள்கூட வந்து வாசலில் கூடிவிட்டார்கள். சூளை உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தச் சின்னக் கூம்பு, கும்பிடு போடுகிறவன் மாதிரிக் குனிந்து, குனிந்து...

"தொட்டுருச்சு! நிறுத்து பாய்!"

பாய் மண்வெட்டியை வீசினார். அடைப்புகளைச் சாத்தினோம், கரி வாயைச் சேற்றால் பூசினோம். மூன்றாவது கோன் கடைசி வரை நிமிர்ந்தே நின்றது. நானும் அப்படியே.

சூளை ஆறி வாயைத் திறக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. மேனேஜர் முதல் கோப்பையை எடுத்து நகத்தால் சுண்டினார். டிங்! அடுத்தது. டிங்! பத்துப் பன்னிரண்டு சுண்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தப் பலகையில ஒரு ஆணி தூக்கிட்டு இருக்குது. அடிச்சு வை."

அவ்வளவுதான். கேட்டைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. ஆணி இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை மறுவாரம் ஒரு மத்தியானம் கண்டுபிடித்தேன். கரிக் குவியலுக்குப் பின்னால் என் பலகையில் இரண்டு பளபளப்பான பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன.

அந்தச் சூளையில் வெந்த பொம்மைகளுக்குக் கஸ்தூரிதான் கண் எழுதினாள். எழுதி முடித்த அன்று சாயங்காலம் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்து என் கையில் வைத்தாள். சாண் உயரத்தில் ஒரு தலையாட்டாத செட்டியார் பொம்மை. வலது கண் விரிந்திருந்தது. இடது இமை மட்டும் ஓர் அரிசி அகலம் கீழே.

"என்ன புள்ள, கை தவறிடுச்சா?"

"ம்க்கும். இருநூறு கண்ணுல ஒண்ணாவது ஆளப் பாத்து வரையக் கூடாதா?"

"இத எப்படி வெளிய வுட்டாங்க?"

"ரிஜெக்ட்டுன்னாங்க." பொம்மையைத் திரும்ப வாங்கித் துடைத்து மாடத்தில் வைத்தாள். "வூட்டுக்கு ஆவும்னு எடுத்தாந்துட்டேன்."